அலை சிதறும் நிலம்: கேயிச்சி அகியும் நெய்வேலி மண்ணும்

நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கடலூர் மணற்பாறை கிடக்கிறது. அதில் சில அடுக்குகள் மிகவும் இறுகியவை. வாளிச் சக்கர இயந்திரங்களின் பற்கள் அவற்றில் இறங்குவதற்கு முன் துளை போட்டு வெடி வைத்துப் பாறையைத் தளர்த்தியாக வேண்டும். துளைகளை ஒரே நேரத்தில் வெடிக்க விடுவதில்லை. மில்லிநொடிக் கணக்கில் இடைவெளி விட்டு அடுத்தடுத்து வெடிக்கும்படி கோத்துவைக்கிறார்கள். எல்லாம் சேர்ந்தாலும் ஓரிரு நொடியில் கதை முடிந்துவிடும். ஆனால் சில கிலோமீட்டர் தள்ளி, குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஓர் அதிர்வுமானியைப் புதைத்து வைத்தால் அதன் பதிவு வெடியைவிடப் பல மடங்கு நேரம் நீளும். முதலில் கூர்மையாக எழும் ஆட்டம், பிறகு மெல்ல மெல்லத் தேய்ந்துபோகும் நீண்ட வால்.

வெடி நின்ற பிறகும் நிலம் ஏன் ஆடுகிறது? அந்த வாலில் ஏதாவது செய்தி இருக்கிறதா? இந்தக் கேள்வியைத் தன் ஆராய்ச்சி வாழ்வின் பெரும்பகுதிக்கும் உடன் வைத்துக்கொண்டவர் கேயிச்சி அகி. 1930இல் யோகோஹாமாவில் பிறந்து, டோக்கியோ பல்கலைக்கழகத்தில் 1958இல் முனைவர் பட்டம் பெற்று, 1966இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்குப் பேராசிரியராகப் போனவர். 1964ஆம் ஆண்டின் நீகாத்தா நிலநடுக்கத்தை ஆராய்ந்து, ஒரு நடுக்கத்தின் வலிமையைப் பாறையின் விறைப்பு, பிளவின் பரப்பு, நழுவிய தூரம் ஆகிய மூன்றின் பெருக்குத்தொகையாக அளக்க முடியும் என்று 1966இல் காட்டினார். இன்று செய்திகளில் வரும் ரிக்டர் எண்ணின் இடத்தை அறிவியலில் பிடித்துக்கொண்ட அளவுகோல் அந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. பாடநூல்களில் அவர் பெயர் நிலைக்க அது ஒன்றே போதும். எனக்கு அவருடைய பெரிய சாதனை வேறு இடத்தில் தெரிகிறது. மற்றவர்கள் கழிவு என்று வெட்டி எறிந்த பகுதியை அவர் எடுத்து வைத்துப் படித்தார்.

அந்நாளைய வழக்கத்தைச் சொன்னால்தான் இதன் அருமை விளங்கும். 1897ஆம் ஆண்டின் அசாம் பெருநடுக்கத்தை ஆராய்ந்த ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றியவர். தொலைதூரப் பதிவுகளில் முதன்மை அலை, இரண்டாம் அலை, மேற்பரப்பு அலை என மூன்றும் தனித்தனியே வந்து சேர்வதை அடையாளம் கண்டவர் அவர்தான். நிலநடுக்கவியல் ஏறக்குறைய 70 ஆண்டுகள் அந்த வழியிலேயே நடந்தது. எந்த அலை எத்தனை மணிக்கு வந்தது என்று குறித்துக்கொள்வது, அதிலிருந்து பூமியின் உட்புறத்தை அடுக்கடுக்காகக் கணக்கிடுவது. பூமி வெங்காயம்போல ஒழுங்கான அடுக்குகள் கொண்டது என்ற எளிய படத்துக்கு இந்த முறை நன்றாகப் பொருந்தியது. படத்துக்குள் அடங்காத ஆட்டமெல்லாம் இரைச்சல் எனப்பட்டது.

1966இல் கலிபோர்னியாவின் பார்க்ஃபீல்டில் ஒரு நடுக்கம் வந்தது. அதன் பின்னதிர்வுப் பதிவுகளை அகி அடுக்கி வைத்துப் பார்த்தார். ஒரே பகுதியில் வந்த சிறு நடுக்கங்களின் வால்கள், முதல் அலைகள் எப்படி வேறுபட்டாலும், ஒரே பாங்கில் தேய்ந்தன. நடுக்கம் எவ்வளவு தள்ளி நிகழ்ந்தது என்பதைக்கூட அந்தத் தேய்வு பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. அப்படியானால் வாலின் வடிவத்தைத் தீர்மானிப்பது நடுக்கம் அல்ல, அந்தப் பகுதியின் நிலம். நிலத்தடியில் எண்ணற்ற விரிசல்கள், பாறை வகை மாறும் எல்லைகள், மென்மையான திட்டுகள் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் பட்டு அலை நாலா பக்கமும் தெறிக்கிறது. நேர்வழியில் வந்த அலை கடந்துபோன பிறகு, சுற்றுவழிகளில் அலைந்து திரும்பிய சிதறல் அலைகள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றின் கூட்டுத்தொகைதான் வால். 1969இல் வெளியான அவருடைய கட்டுரை இதைச் சொன்னது. அந்த வாலுக்குக் ‘கோடா’ என்ற பெயர் துறையில் நிலைத்தது.

சிதறல் எவ்வளவு வலுவாக இருக்கும் என்பது ஓர் ஒப்பீட்டைப் பொறுத்தது. அலைநீளம் ஒரு பக்கம், தடையின் அளவு மறுபக்கம். தடை அலைநீளத்தைவிட மிகச் சிறியது என்றால் அலை அதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் போய்விடும். இரண்டும் ஏறக்குறைய சமமாகும்போது சிதறல் தீவிரமாகும். மேற்கே விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கடினப் பாறையில் குறுக்கலை நொடிக்கு 3.5 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். நொடிக்கு 10 முறை ஆடும் அலையின் நீளம் அங்கே 350 மீட்டர். அதே அலை நெய்வேலியின் இளகிய படிவுகளுக்குள் நுழைந்து வேகம் நொடிக்கு 300 மீட்டராகக் குறைந்தால் அலைநீளம் 30 மீட்டருக்குச் சுருங்கிவிடும். நெய்வேலியில் நிலக்கரிப் படுகையின் தடிமன் சில மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு மேல் வரை மாறுகிறது. அதன் மேல் ஏறக்குறைய 50 முதல் 100 மீட்டர் வரை மணலும் களிமண்ணும் மணற்பாறையும் மாறி மாறி வருகின்றன. பழுப்பு நிலக்கரியோ தண்ணீரைவிடச் சற்றே அடர்த்தி கூடியது, சுற்றியுள்ள பாறையோடு எந்த வகையிலும் ஒட்டாத பொருள். சுரங்கத்தின் செங்குத்தான வெட்டுச் சுவர்கள், தோண்டிக் கொட்டிய மண்மேடுகள், அலையை மடக்கும் குழி விளிம்புகள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டால், அலை சிதறுவதற்கு இதைவிட ஏற்ற நிலத்தைத் தமிழ்நாட்டில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அகியின் அடுத்த அடி 1975இல் விழுந்தது. சுவிட்சர்லாந்திலிருந்து வந்த மாணவர் பெர்னார் ஷுவேயுடன் சேர்ந்து, வாலின் தேய்வை ஒரே எண்ணால் குறிக்கும் சூத்திரத்தைத் தந்தார். அலை ஒரு முறை மட்டும் சிதறித் திரும்புகிறது என்ற எளிய அனுமானம். அந்த எண் பெரிதாக இருந்தால் நிலம் அலையை நெடுநேரம் உயிரோடு வைத்திருக்கிறது, சிறிதாக இருந்தால் சீக்கிரம் கொன்றுவிடுகிறது. பதிவுக்கருவி ஒன்றிருந்தால் போதும், எந்த ஊரிலும் கணக்கிடலாம். உலகெங்கும் ஆய்வாளர்கள் அதைப் பற்றிக்கொண்டார்கள். இந்தியாவில் கொய்னா, இமயமலைச் சரிவுகள், 2001 நடுக்கத்துக்குப் பின் கட்ச் என்று கோடா எண் கணக்கிடப்படாத நடுக்கப் பகுதி இல்லை என்றே சொல்லலாம்.

அந்த எளிமையில் ஒரு சிக்கலும் ஒளிந்திருந்தது. அலை பலவீனமாவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, அதன் ஆற்றல் வேறு திசைகளுக்குச் சிதறிப்போகிறது. ஆற்றல் எங்கோ இருக்கத்தான் செய்கிறது. மற்றொன்று, பாறையின் உராய்வில் வெப்பமாகி நிரந்தரமாக அழிகிறது. கோடா எண் இவற்றில் எதை அளக்கிறது? பத்தாண்டுக்கு மேல் இதன்மேல் வாதம் நடந்தது. எண்ணற்ற கட்டுரைகள் எண்ணைக் கணக்கிட்டு அட்டவணை போட்டுவிட்டு, அது எதன் எண் என்பதைச் சொல்லாமல் விட்டன. நம் நாட்டுக் கட்டுரைகளிலும் இந்தக் குறை நிறைய உண்டு.

முடிச்சை அவிழ்க்க உதவிய கணிதம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், விண்மீன்களின் வளிமண்டலத்தில் ஒளி எப்படிச் சிதறிச் சிதறி வெளியேறுகிறது என்று ஆராய்ந்து, 1950இல் கதிர்வீச்சுக் கடத்தல் பற்றிய பெருநூலை வெளியிட்டார். மூடுபனிக்குள் வரும் லாரியின் முகப்பு விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு நேராக வரும் கற்றை மங்கிக்கொண்டே போகும், சுற்றிலும் ஒரு வெண்மை பரவும். கற்றை இழந்ததும் வெண்மை பெற்றதும் ஒரே ஆற்றல்தான். இரண்டையும் சேர்த்துக் கணக்கு வைத்தால்தான் பனி ஒளியைச் சிதறடிக்கிறதா, விழுங்கிவிடுகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியும். சந்திரசேகரின் சமன்பாடுகள் அந்தக் கணக்கை வைக்கின்றன. ரு-ஷான் வூ என்ற ஆய்வாளர் 1985இல் கதிர்வீச்சுக் கடத்தல் கோட்பாட்டை நிலநடுக்க அலைகளுக்குப் பொருத்தி, சிதறலையும் உட்கவர்தலையும் பிரிக்க வழி காட்டினார். ஜப்பானில் ஹருவோ சாத்தோ 1970களிலேயே ஆற்றல் பரவலின் வழியாக இதே திசையில் நடந்துகொண்டிருந்தார். பின்னாளில் அவரும் அமெரிக்கரான மைக்கேல் ஃபெலரும் சேர்ந்து 1998இல் எழுதிய நூல்தான் இத்துறையின் அடிப்படை நூல். விண்மீனுக்காக எழுதிய கணிதம் மண்ணுக்குள் இறங்கியதைச் சென்னைக் கல்லூரிகளின் இயற்பியல் வகுப்புகளில் சொல்லித்தர வேண்டும். சந்திரசேகர் என்றாலே வெண்குறு விண்மீனின் எடை வரம்போடு நிறுத்திக்கொள்கிறோம்.

கணக்கு பிரிந்ததும் நிலங்களின் குணம் வெளிப்பட்டது. அலை ஒரு சிதறலுக்கும் அடுத்த சிதறலுக்கும் இடையே சராசரியாக எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பது ஒரு நல்ல அளவு. பூமியின் மேலோட்டில் பொதுவாக அது 100 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. எரிமலைகளுக்கு அடியில் ஓரிரு கிலோமீட்டராகச் சுருங்கிவிடுகிறது.

நிலவில் நிலைமை இன்னும் தீவிரம். அகியின் கட்டுரை வந்த அதே 1969இல், நவம்பர் 20 அன்று அப்போலோ 12இன் ஏறுகலத்தை வேலை முடிந்ததும் நிலவின்மேல் மோதவிட்டார்கள். அதிர்வு ஏறக்குறைய ஒரு மணி நேரம் நீடித்தது. நிலவு உள்ளே வெற்றுக் கோளம் என்றுகூட அப்போது பேச்சு எழுந்தது. உண்மைக் காரணம் சிதறலும் வறட்சியும்தான். விண்கற்கள் கோடிக்கணக்கான ஆண்டுகள் அடித்து நொறுக்கிய மேற்புறத்தில் அலை அடிக்கடி சிதறுகிறது. துளி ஈரம்கூட இல்லாத பாறை அதை விழுங்குவதில்லை. ஆகவே ஆற்றல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான் 3 இறங்கியபோது அதிலும் ஓர் அதிர்வுமானி போயிற்று. ஊர்தி நகர்ந்த அதிர்வுகளையும், காரணம் தெரியாத வேறு சில அதிர்வுகளையும் அது பதிவு செய்தது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல், கடலூருக்குப் பக்கத்து மாவட்டமான விழுப்புரத்துக்காரர்.

இந்தத் துறை வளர்ந்ததற்கு அணுகுண்டுச் சோதனையும் ஒரு காரணம் என்பதை மறைக்க முடியாது. எதிரி நிலத்தடியில் வெடித்தது குண்டா, அல்லது அது இயற்கை நடுக்கமா என்று அறிய அமெரிக்கா 1965இல் மொன்டானாவில் 525 அதிர்வுமானிகளைச் சுமார் 200 கிலோமீட்டர் விரிவில் பதித்தது. அதே காலத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையம் கர்நாடகத்தின் கௌரிபிதனூரில் ஓர் அதிர்வுமானி அணியை நிறுவியது. அமெரிக்கா உலகெங்கும் அமைத்த சீர்தர நிலையங்களில் ஒன்று நம் கொடைக்கானலில் இயங்கியது. மொன்டானாவில் அடுத்தடுத்த கருவிகளில் ஒரே நடுக்கத்தின் அலை வேறு வேறு வலிமையில் பதிவானது உளவு வேலைக்கு இடைஞ்சல். அகி 1973இல் அந்த இடைஞ்சலையே தரவாகக் கொண்டு, அங்கே சுமார் 60 கிலோமீட்டர் ஆழம் வரை நிலம் சீரற்றுக் கிடக்கிறது என்று கண்டார். அந்தச் சிந்தனை வளர்ந்து, 1970களின் நடுவில் பூமியின் உட்புறத்தை முப்பரிமாணப் படமாக எடுக்கும் முறையாக மலர்ந்தது.

எல்லா முயற்சியும் பலிக்கவில்லை. பெரிய நடுக்கம் வருமுன் கோடா எண் மாறுகிறது என்று அவர் நம்பினார். 1976ஆம் ஆண்டின் சீனத் தாங்ஷான் நடுக்கத்துக்கு முன்பு அப்படி மாறியதாக ஜின் அன்ஷுவுடன் சேர்ந்து 1986இல் எழுதினார். முன்னறிவிப்புக்கு இது கதவு திறக்கும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் வேறு இடத்து நடுக்கங்களை ஒப்பிட்டதால் வந்த வேறுபாடா, நிலமே மாறியதா என்று பிரிக்க முடியவில்லை. முன்னறிவிப்பு முறையாக அது நிற்கவில்லை. அதைத் தோல்வி என்றே சொல்ல வேண்டும். ஆனால் நிலத்தின் இயல்பு காலத்தோடு மாறும், அந்த மாற்றம் வாலில்தான் தெரியும் என்ற அவருடைய அடிப்படைக் கருத்து தவறவில்லை என்பதை அடுத்த தலைமுறை காட்டியது.

1990களில் அவர் அமெரிக்காவை விட்டு இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவுக்குப் போனார். பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் என்ற ஓயாத எரிமலையைக் கடைசி வரை ஆராய்ந்து, 2005இல் அங்கேயே காலமானார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர்களின் வழித்தோன்றல்கள் பெருந்தொகையாக வாழும் தீவு அது. நம் கடற்கரைக்குப் பின்புறத்து ஊர்களின் மக்களை ஏற்றுக்கொண்ட அதே மண்ணில், 2008இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஒரு பெரிய காரியத்தைச் செய்து காட்டினார்கள். நடுக்கமே இல்லாதபோதும் கடலலை முதலியவற்றால் நிலம் இடைவிடாமல் மெல்ல ஆடிக்கொண்டிருக்கிறது. இரண்டு நிலையங்களின் இந்த மெல்லிய ஆட்டத்தை ஒப்பிட்டு, அவற்றிடையே அலை ஓடும் வேகத்தைக் கணித்தார்கள். எரிமலை வெடிக்கும் முன் அந்த வேகம் ஒரு விழுக்காட்டின் மிகச் சிறு பங்கு குறைந்தது. ஊரின் சிற்றதிர்வுகளிலிருந்து நிலத்தடி வேகத்தைக் கணிக்க முடியும் என்று அகி 1957லேயே, முனைவர் பட்டத்துக்கும் முன்பே எழுதியிருந்தார்.

இவ்வளவு நுண்ணிய மாற்றம் வாலில் தெரிவது எப்படி? அலை வேகம் ஆயிரத்தில் ஒரு பங்கு குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். 3 நொடியில் வந்து சேரும் நேரலை 0.003 நொடி தாமதமாகும். நொடிக்கு 100 புள்ளி பதியும் சாதாரணக் கருவியில் அது ஒரு புள்ளிக்கும் குறைவு, கண்ணில் படாது. 30 நொடி நிலத்துக்குள் அலைந்து வரும் வால் அலையோ 0.03 நொடி தாமதிக்கும். மூன்று புள்ளிகள் நகர்ந்துவிடும், அளந்துவிடலாம். நெடுந்தூரம் அலைந்த அலை சிறு மாற்றத்தையும் திரும்பத் திரும்பச் சந்தித்துப் பெருக்கிக் கொடுக்கிறது.

இங்கேதான் இந்த ஆராய்ச்சி குறிஞ்சிப்பாடி வட்டாரத்து உழவருக்கு நேரடியாக வேண்டியதாகிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் தண்ணீருக்குத் துளை போட்டபோது தட்டுப்பட்டதுதான் நெய்வேலிக் கரி. அன்று முதல் இன்று வரை இந்த ஊரின் கதையில் கரியும் தண்ணீரும் பிரியவில்லை. கரிக்கு அடியில் அழுத்தம் மிகுந்த நீர்த்தாங்கி இருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் வரை மேல்நோக்கித் தள்ளும் அந்த நீரை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரை வெடித்துப் பொங்கும். சுற்றியுள்ள ஊர்களில் ஆழ்துளைக் கிணறுகளின் ஆழம் கூடிக்கொண்டே போவதாக முறையிடுகிறார்கள். நிலத்தடி நீர் ஏறி இறங்கினால் அலை வேகமும் மாறும். இந்தோனேசியாவின் மெராப்பி மலையில் மழைநீர் நிலத்தில் இறங்கி ஏறுவதை அதிர்வுப் பதிவுகளின் வாலிலிருந்தே கணிக்க முடிந்ததாக 2006இல் வெளியான ஆய்வு சொல்கிறது. கிணற்றுக்குக் கிணறு கயிறு விட்டு அளப்பது அந்தந்தக் கிணற்றின் கதையைத்தான் சொல்லும். அலைகள் இரண்டு கருவிகளுக்கு நடுவே கிடக்கும் நிலம் முழுவதன் கதையைச் சொல்லும். இயந்திரங்கள் ஓயாமல் ஓடும் நெய்வேலியில், பகல் இரவு பாராமல் பதிவாகும் அதிர்வுக்குப் பஞ்சமே இல்லை.

வெடி அதிர்வு பற்றிய சச்சரவுக்கும் இதில் விளக்கம் உண்டு. சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம் 1997இல் வகுத்த விதிப்படி, சுரங்கத்துக்குச் சொந்தமில்லாத வீடுகளின் அருகே நிலம் ஆடும் உச்ச வேகத்துக்கு வரம்பு உண்டு. நொடிக்கு 8 முறைக்கும் குறைவாக ஆடினால் நொடிக்கு 5 மில்லிமீட்டர், 8 முதல் 25 முறை வரை 10 மில்லிமீட்டர், அதற்கு மேல் 15 மில்லிமீட்டர். மெதுவான ஆட்டத்துக்கு வரம்பு கடுமையாக இருப்பது சரிதான், வீடுகளின் இயல்பான ஆட்டத்தோடு ஒத்துப்போவது அதுதான். விதி பார்ப்பது உச்சத்தை மட்டும். வீட்டில் இருப்பவர் உணர்வது உச்சத்தையும் அதன் பிறகு நீளும் வாலையும் சேர்த்து. இளகிய படிவின்மேல் வேகமான ஆட்டங்கள் வழியிலேயே தேய்ந்துவிட, மெதுவானவை எஞ்சி நீண்டு ஒலிக்கும். வரம்பைத் தாண்டவில்லை என்று அளந்தவர் சொல்வதும், நெடுநேரம் ஆடியது என்று வீட்டுக்காரர் சொல்வதும் ஒரே பதிவில் இருக்கக்கூடிய இரண்டு உண்மைகள். முழுப் பதிவைக் கையில் வைத்துக்கொண்டால்தான் இருவரும் பேச முடியும்.

தமிழ்நாட்டு நிலம் அமைதியானது என்று நாம் அசட்டையாக இருந்துவிட முடியாது. 1900இல் கோயம்புத்தூர்ப் பக்கம் ஏறக்குறைய 6 அளவிலான நடுக்கம் வந்தது. 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் 5.5 அளவில் ஒன்று வந்து கடலூர் முதல் சென்னை வரை உலுக்கியது. அதற்கடுத்த ஆண்டில் திருத்தப்பட்ட இந்தியத் தரக் குறியீடு சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது. எந்த ஊர் மண் அலையை எவ்வளவு பெருக்கும் என்று பெங்களூருவுக்கும் சென்னைக்கும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. டி. ஜி. சீத்தாராம், பி. அன்பழகன், ஏ. பூமிநாதன் போன்றோர் அதில் உழைத்தவர்கள். பெருநகரங்களுக்குச் செய்ததைக் கடலூர் மாவட்டத்தின் படிவு நிலத்துக்கும் செய்தாக வேண்டும். மேற்கே கடினப் பாறை, கிழக்கே கடலை நோக்கிச் சில கிலோமீட்டர் ஆழம் வரை தடிக்கும் காவிரிப் படுகைப் படிவு, நடுவில் ஒரு ராட்சதச் சுரங்கம். இத்தகைய இடம் ஆய்வாளருக்குக் கிடைப்பது அரிது.

ஆகவே என் வேண்டுகோள் இது. நெய்வேலி நிறுவனம் ஒவ்வொரு வெடிக்கும் உச்ச எண்ணை மட்டும் கோப்பில் வைக்காமல், வால் முடியும் வரை முழு அலைப்பதிவையும் சேமிக்க வேண்டும். வெடித்த இடம், நேரம், மருந்தின் அளவு ஆகியவற்றோடு அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகப் புவி அறிவியல் மாணவர்களுக்கும் பொதுமக்களுக்கும் திறந்துவிட வேண்டும். குறிஞ்சிப்பாடி, வடலூர், விருத்தாசலம் என ஊருக்கு ஒரு பள்ளி வளாகத்தில் ஓர் அதிர்வுமானியைப் புதைத்து இடைவிடாமல் ஓடவிடலாம். மாவட்ட நிர்வாகம் நினைத்தால் தொடங்கிவிடக்கூடிய வேலை. நீர் பற்றியும் வெடி பற்றியும் அடுத்த முறை குறைதீர்க் கூட்டத்தில் பேச்சு எழும்போது, மனுவோடு சேர்த்து இந்தப் பதிவுகளையும் கேளுங்கள்.